எங்க காலேஜ் சீனியர் கிளாஸ்: 5க்கு 3.5 குடுக்கலாம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜ்ல பி.காம் ஃபர்ஸ்ட் இயர், பேரு வேணாம், டிபார்ட்மென்ட் ஹெட் பாத்தா வம்பு. இந்த செமஸ்டர் 'பியர் லேர்னிங்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வாரத்துல ஒரு சாயங்காலம் 1 மணி நேரம், தேர்ட் இயர் அக்கா ஒருத்தங்க நம்மள கூட்டமா உக்கார வச்சு அக்கவுண்ட்ஸ் போட வைப்பாங்க, காசு கிடையாது. 8 வாரம் போயிட்டு தான் எழுதுறேன்.

மொத வாரமே பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம்ம கேஷ் புக் கணக்கும் பேங்க் கணக்கும் ஏன் ஒத்துப்போகலன்னு பாத்து சரிக்கட்டுறது. எத கூட்டணும் எத கழிக்கணும்னு ஒரு லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், அக்கா நோட்ட மூடுன்னுட்டாங்க. "நீ மாங்கா மண்டி வச்சிருக்க, தோப்புக்காரருக்கு 40,000 செக் குடுத்துட்ட, அவரு இன்னும் பேங்க் பக்கமே போகல, இப்ப காசு எதுல கம்மி, உன் கேஷ் புக்லயா பேங்க்லயா?" என் புக்ல தான்க்கா, பேங்க்ல அப்படியே இருக்குமேன்னேன். "அப்ப உன் புக்ல இருந்து பேங்க் கணக்குக்கு வரணும்னா?" கூட்டணும். அவ்ளோ தான்! பேங்க்ல போட்டும் இன்னும் பாஸ் ஆகாத செக்க கழிக்கணும்னு பக்கத்துல இருந்தவ தானாவே சொல்லிட்டா, அக்கா கடைசி வரைக்கும் ஒரு விடை கூட வாயத் திறந்து சொல்லல. கடுப்பா தான் இருந்துச்சு, ஆனா லிஸ்ட் எல்லாம் மறந்துபோச்சு, இது மட்டும் நிக்குது.

இது 1973ல அமெரிக்கால மிசௌரி யுனிவர்சிட்டி கான்சஸ் சிட்டி கேம்பஸ்ல ஆரம்பிச்ச முறையாம். அட, நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களுக்கு சொல்லிக்குடுத்த பெரிய பையன், அந்த சட்டாம்பிள்ளை வேற என்ன பண்ணாரு, அத மெட்ராஸ்ல பாத்துட்டுப் போய் தானே ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார் 1797லயே லண்டன்ல புக் போட்டாரு.

சரி, 1.5 எங்க போச்சுன்னா, அந்த அமெரிக்கா முறைல கஷ்டமான பேப்பர தான் பாத்து எடுப்பாங்க, மக்குப் பசங்கன்னு யாரையும் தனியா பிரிக்க மாட்டாங்க, வர்றதும் நம்ம இஷ்டம். இங்க 4வது வாரம் இன்டர்னல்ல ஃபெயில் ஆனவங்க கட்டாயம் வரணும்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க பாருங்க, அன்னைக்கே பாதி பேருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. 12 பேர் இருந்த எடத்துல 40 பேர், பின்னாடி பெஞ்ச்ல மேடம் வேற வந்து உக்காந்துட்டாங்க, அப்புறம் யாரு வாயத் திறப்பா, அக்காவும் பாவம் போர்டுல சம் போட்டு காட்ட ஆரம்பிச்சாங்க, அது தான் கிளாஸ்லயே நடக்குதே. இன்னொண்ணு, நடத்துற சீனியர் நம்ம லெக்சர்லயும் வந்து உக்காரணும்ங்கறது அங்க ரூல், இங்க அக்காவுக்கு அந்த நேரம் அவங்க கிளாஸ், அதனால கிளாஸ்ல சார் டிப்ரிசியேஷன்னு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாரு, நாங்க இன்னும் செக்லயே நின்னோம்.

காவேரிப்பட்டணம் சைடு ஆளுங்க 4.45 பிங்க் பஸ்ஸ மறந்துடணும், கடைசி 10 நிமிஷத்துல தான் மெயினான சம்மே வரும்.

7வது வாரம் மேடம் லீவு. அன்னைக்கு மறுபடி பழைய மாதிரி சத்தம், சண்டை, ஒரே சம்முக்கு மூணு விடை. அடுத்த வருஷத்துக்கு அக்கா என் பேர குடுத்திருக்காங்க, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்க்கு மட்டும் கூப்டாதீங்கன்னு கால்ல விழாத குறையா சொல்லிருக்கேன்.