என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வுக்கு எட்டு மாத வினா வங்கிப் பயிற்சி: என் அனுபவம்

டெக்சாஸில் எல்விஎன் எனப்படும் செவிலியர் படிப்பை முடித்தவள் நான். அந்த வேலைக்கான உரிமம் பெற எழுத வேண்டிய தேர்வுதான் என்கிளெக்ஸ்-பிஎன். பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு, சந்தா கட்டி வாங்கிய வினா வங்கி. எட்டு மாதங்கள் இப்படியே போயின.

முதல் 3 மாதங்கள் வீண் என்றே சொல்வேன். நாளுக்கு 75 கேள்விகள் போட்டேன். மருந்துப் பெயர்களும் பொட்டாசியத்தின் இயல்பான அளவும் மனப்பாடமாயின. ஆனால், 2023 ஏப்ரலில் தேர்வின் வடிவம் மாறியபோது வந்த தொடர் கேள்விகளில் திணறினேன். ஒரே நோயாளியைப் பற்றி 6 கேள்விகள்: எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எதை முதலில் கவனிப்பது, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வது, செய்ததில் பலன் உண்டா.

ஓர் இரவு வந்த கேள்வியை மறக்கவே முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவர். நாடித்துடிப்பு 10 மணிக்கு 88, 12 மணிக்கு 104, 2 மணிக்கு 118. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 128, 114, 98. காயத்தின் கட்டு உலர்ந்தே இருக்கிறது. வலிதான் காரணம் என்று முடிவுகட்டி வலி மருந்தைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கோ உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கடைசி எண்ணை மட்டும் பார்த்தேன், மூன்றும் போகும் திசையைப் பார்க்கவில்லை. இல்லத்தில் அன்றாடம் நானே குறித்துக் கொடுக்கும் எண்கள் அவை. அன்று தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு விடைகளைத் தாளால் மறைத்துக்கொண்டேன். எது மாறியிருக்கிறது, எதற்கு அஞ்சுகிறேன், அடுத்து எதைப் பார்த்தால் தெளிவாகும் என்று நோட்டில் 3 வரி எழுதிய பிறகே விடைகளைத் திறந்தேன். நாளுக்கு 12 கேள்விகள்தான் முடிந்தன. ஆனால் இரண்டே மாதத்தில் தொடர் கேள்விகளின் மேல் இருந்த பயம் போய்விட்டது.

வினா வங்கியின் நிறை, தவறான விடை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று விளக்கியது. பெருங்குறை, ஆர்என் (எல்விஎன்னுக்கு மேல்நிலையில் உள்ள பதிவுபெற்ற செவிலியர்) தேர்வுக்கான கேள்விகளையும் கலந்து வைத்திருந்தது. புதிதாக வந்த நோயாளியின் முதல் மதிப்பீடு ஆர்என் பொறுப்பு. எல்விஎன்களான நமக்கு உரியவர்கள் நிலை சீரான நோயாளிகள். அவர்களிடம் மாற்றம் கண்டால் விவரம் திரட்டி உடனே ஆர்என்னிடம் சொல்ல வேண்டும். இது புரியாமல் சரியான விடைகள் பலவற்றைக் கைவிட்டேன்.

பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் இன்னொன்றும் கவனியுங்கள். பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியில் தவறான தேர்வு ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஆனால் சுழியத்துக்குக் கீழே போகாது. உறுதியில்லாததைத் தொடாமல் விட நான் பழகிக்கொண்டேன்.

தேர்வு அன்று குறைந்தபட்ச எண்ணிக்கையான 85 கேள்விகளிலேயே திரை நின்றது. தேர்ச்சி பெற்றேன். சந்தா கட்ட எண்ணுபவர்கள் 3 மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பிஎன் கேள்விகளைத் தனியே பிரித்துத் தருகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.