கதாயிப் ஹிஸ்புல்லாவைத் தேட ஏக்லெட் எவ்வளவு உதவும்?

ஈராக்கின் ஷியா ஆயுதக் குழுக்களைக் கவனிப்பவர்கள் பலரும் முதலில் திறப்பது ஏக்லெட் மோதல் தரவுத்தளத்தைத்தான். எந்தத் தேதியில், எந்த ஊரில், யார் யாரைத் தாக்கினார்கள் என்று பார்க்க இது வசதியானது. ஈராக்குக்கு 2016 முதலும் சிரியாவுக்கு 2017 முதலும் பதிவுகள் உண்டு; வாரந்தோறும் புதியவை சேரும். ஆனால் ஒரு படைப்பிரிவை அதன் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிகூடத் தேறாது.

ஈரான் ஆதரவு பெற்ற ஈராக்கிய ஷியா ஆயுதக் குழுவான கதாயிப் ஹிஸ்புல்லாவையே எடுத்துக்கொள்வோம். ஈராக் அரசு சம்பளம் தரும் ஆயுதக் குழுக்களின் கூட்டமைப்பான ஹஷ்த் அல்-ஷாபிக்குள் அதன் படைப்பிரிவு எண்கள் 45, 46, 47. சம்பளப் பட்டியலில் அது ஹஷ்த். அமெரிக்கத் தளம் தாக்கப்பட்டால் உரிமை கோரும் அறிக்கையில் இருப்பதோ வேறு பெயர். 2023 அக்டோபரிலிருந்து பெரும்பாலும் ‘ஈராக்கின் இஸ்லாமிய எதிர்ப்பியக்கம்’, பல குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பெயர். 2024 ஜனவரி 28 அன்று 3 அமெரிக்க வீரர்கள் இறந்த டவர் 22 தளத் தாக்குதலுக்கும் இந்தப் பெயரில்தான் உரிமை கோரினார்கள். கதாயிப் ஹிஸ்புல்லா தாக்குதல்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தது அடுத்த இரண்டே நாளில். டவர் 22 இருப்பது ஜோர்டானில். ஈராக் கோப்பை மட்டும் இறக்கியவருக்கு அது கண்ணில் படவே படாது.

ஆகவே ஈராக், சிரியா, ஜோர்டான் மூன்றையும் சேர்த்து இறக்குங்கள். குழுவின் பெயர், அதன் வேறு எழுத்துக்கூட்டல்கள், ஹஷ்த், எதிர்ப்பியக்கம் என எல்லாவற்றையும் முதன்மைத் தரப்பு நெடுவரிசைகளோடு, அவர்களோடு சேர்ந்து நின்றவர்களைக் குறிக்கும் துணைத் தரப்பு நெடுவரிசைகளிலும் தேடுங்கள். துணைத் தரப்பை மறப்பதுதான் வழக்கமான தவறு. பிறகு குறிப்பு நெடுவரிசையை வரிவரியாகப் படிக்க வேண்டும். அலுப்பான வேலை, தப்பிக்க வழியில்லை. இடத் துல்லியக் குறியீடு 3 என்றிருந்தால் வரைபடப் புள்ளியை நம்பாதீர்கள், அது பெரிய வட்டாரத்துக்கான அடையாளம் மட்டுமே.

இறப்பு எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. செய்தியில் “பலர்” என்று மட்டும் இருந்தால் 3 அல்லது 10 என்று போடுவது ஏக்லெட் வழக்கம். அதைக் கூட்டிப் பெருக்கி வரைபடம் போட்டால் வெட்கப்பட நேரிடும். பழைய பதிவுகளும் திருத்தப்படும் என்பதால் போன மாதக் கோப்பின் கீழே புதியதை ஒட்டாமல் முழுதாக மறுபடி இறக்குவதே நல்லது.

கூட்டணி விஷயத்தில்தான் ஏக்லெட் மெலிகிறது. நுஜபா (12), அஸாயிப் அஹ்ல் அல்-ஹக் (41, 42, 43) போன்ற மற்ற ஹஷ்த் குழுக்களின் படைப்பிரிவு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாரோடு நிற்கிறார்கள் என்று நீங்களேதான் கட்டிக்கொள்ள வேண்டும். ஆப்கானியர்களைக் கொண்ட ஃபாத்திமியூன் ஹஷ்த் பட்டியலிலேயே இல்லை, அது ஈரானியப் புரட்சிகரக் காவல்படை வளர்த்தது. பணம், பயிற்சி, ஆயுதக் கடத்தல் எதுவும் இந்தத் தரவில் தெரியாது. சிரியாவில் 2024 டிசம்பர் 8க்குப் பிறகு இந்தப் பெயர்கள் மறைந்தால் அது தரவின் குறையல்ல. அதிபர் அசாத்தின் ஆட்சி விழுந்ததும் அவர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள்.