திட்டமிடல் மென்பொருளில் லீட் டைம் படுத்தும் பாடு

நாங்கள் பயன்படுத்தும் உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளின் ஆண்டுச் சந்தா இம்முறை குறைந்திருப்பதால், வாங்கலாமா என்று கடலூர் சிப்காட்டிலிருந்தும் சேதராப்பட்டிலிருந்தும் நண்பர்கள் கேட்டவண்ணம் இருக்கிறார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, பவுடர் கோட்டிங் போட்டு அனுப்பும் ஒரு கூடத்தில் திட்டமிடல் பொறுப்பில் இருக்கிறேன். ஸ்டாக் கணக்கு, பில் போடும் வசதி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எந்த மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் நாள்தோறும் மல்லுக்கட்டுவது லீட் டைம், அதாவது ஒரு பொருள் தயாராகிவர எத்தனை நாள் ஆகும் என்று பதியும் ஒரே கட்டத்தோடு.

கணக்கு எளிமையானது. வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்ட டெலிவரி தேதியிலிருந்து லீட் டைமைப் பின்னோக்கிக் கழித்து, ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) எப்போது உற்பத்தித் தளத்துக்கு இறங்க வேண்டும், தகட்டுக்கு எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று மென்பொருள் சொல்லிவிடும். 1960களில் பொறியாளர் ஜோசப் ஆர்லிக்கி வகுத்த, எம்.ஆர்.பி. எனப்படும் பொருள் தேவைத் திட்டமிடல் முறை இன்றும் பெரும்பாலும் இந்தக் கழித்தலில்தான் நிற்கிறது. சிக்கல், கழிக்கப்படும் எண்ணில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் பதியலாம். பத்து பீஸுக்கும் அதே நாள், ஆயிரம் பீஸுக்கும் அதே நாள். தளம் காலியாகக் கிடக்கிறதா, நிரம்பி வழிகிறதா என்பது அதற்குத் தெரியாது.

பவுடர் கோட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் போகக் கழுவி, பவுடர் நன்றாகப் பிடிக்க பாஸ்பேட்டிங் செய்து, உலர்த்தி, பவுடர் அடித்து, 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் ஓவனில் வைத்து எடுக்கும் உண்மையான வேலை ஒரு பேட்சுக்குச் சில மணி நேரம்தான். ஆனால் நிறம் மாற்றும்போதெல்லாம் பவுடர் அடிக்கும் பூத்தையும் (அறை) ஸ்ப்ரே கன்னையும் முழுவதுமாகச் சுத்தம் செய்தாக வேண்டும். கறுப்பு அடித்த பூத்தில் துகள் மிச்சமிருந்தால், அடுத்து வரும் வெள்ளைக் கதவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆகையால் ஒரே நிறத்து வேலைகள் சேரும்வரை எல்லாம் ரேக்கில் காத்திருக்கின்றன. மூன்று நாள் என்று நாங்கள் பதிந்ததில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பு. வேலைக்கு ஒரு கட்டம், காத்திருப்புக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் பாதித் தலைவலி தீர்ந்திருக்கும்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது, ஒரு புதிய பதிப்போடு வந்த தானியங்கித் திருத்தம். முடிந்த ஜாப் கார்டுகளின் சராசரியைப் பார்த்து, யாரையும் கேட்காமல், லீட் டைமை அதுவே மாற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் கோட்டிங் தாமதமானதும் மூன்று ஐந்தாயிற்று. ஐந்தானதால் கார்டுகள் எல்லாம் இரண்டு நாள் முன்னதாக இறங்கின; முன்னதாக இறங்கியதால் ரேக் நிரம்பியது, வரிசை நீண்டது, சராசரி மேலும் ஏறியது, ஐந்து எட்டாயிற்று. வரிசைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, தளத்தில் இருக்கும் வேலையை ஒரு நாளில் முடியும் வேலையால் வகுத்தால் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்பது கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 20 கார்டு முடியும் இடத்தில் 60 இருந்தால் மூன்று நாள், 160 இருந்தால் எட்டு நாள். ஆட்கள் அதே ஆட்கள், ஓவனும் அதே ஓவன். தாமதத்தை உண்டாக்கியது அந்தத் திருத்தம். நிர்வாகம் கேள்வி கேட்டதோ கோட்டிங் சூப்பர்வைசரை. அவர் மேல் ஒரு தவறும் இல்லை. சப்போர்ட்டில் புகார் சொன்னபோது, லீட் டைமை இன்னும் கூட்டிப் பதிந்து பாருங்கள் என்று பதில் வந்தது.

நாள்காட்டியும் அப்படித்தான், நிறுவனத்துக்கு ஒன்றுதான் வைக்க முடியும். நவம்பர் 1 விடுதலை நாளும், 1962ஆம் ஆண்டின் சட்டப்பூர்வ இணைப்பை நினைவுகூரும் ஆகஸ்ட் 16ஆம் தேதியும் புதுச்சேரியில் எங்களுக்கு விடுமுறை. எங்களுக்கு சிங்க் பிளேட்டிங் (துத்தநாகப் பூச்சு) செய்து தருபவர் இருக்கும் கடலூரில் அவை வேலை நாட்கள். அவர் சரக்கு தயாராக வைத்திருக்கும் நாளை மென்பொருள் விடுமுறை என்று தாண்டிப் போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் இந்த மென்பொருளைக் கைவிட மனம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. எந்தப் பொருள் எந்த ஆர்டருக்காக வருகிறது என்பதை இது தொடர்ந்து காட்டும் விதம் அருமை. திரையில் தாமதமாகும் ஒரு கீலின் மேல் அழுத்தினால், அது எந்தப் பேனல் கதவுக்கு, அந்தக் கதவு எந்த வாடிக்கையாளருக்கு, அவரிடம் ஒப்புக்கொண்ட தேதி எது என்று மேல்நோக்கி வரிசையாக விரியும். மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவருக்கு மட்டும்தான் பாதிப்பு என்று தெரிந்தால், அந்த ஒருவரை அன்று காலையே அழைத்துச் சொல்லிவிடலாம். முன்பு எக்செல்லில் இதற்கு அரைநாள் போய்விடும். அதற்குள் வாடிக்கையாளரே கூப்பிட்டுவிடுவார். அந்த ஒரு திரைக்காகவே இவ்வாண்டும் சந்தா கட்டச் சொல்லி முதலாளியிடம் பரிந்துரைத்திருக்கிறேன்.

ஆனாலும் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். விலை குறைந்திருப்பது உண்மை. லீட் டைம் கட்டம் மாறவில்லை என்பதும் உண்மை. அதை மீறி டெமோ பார்ப்பதாக இருந்தால், வருபவரிடம் ஒரே பொருளுக்குப் பத்து பீஸில் ஒரு ஆர்டரும் ஆயிரம் பீஸில் ஒரு ஆர்டரும், ஒரே டெலிவரி தேதிக்கு, உங்கள் கண் முன்னால் பதியச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தொடங்கும் தேதி ஒன்றாகவே வந்தால், சப்ளையருக்குத் தனி நாள்காட்டி உண்டா என்று கேட்கும் வேலைகூட மிச்சம்.