பதினேழு வயதுக்கு எதைக் கொடுப்பது: அட்டாமிக் ஹேபிட்ஸா, புத்தம் வீடா?

போன ஓணத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் டிகிரி முடித்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான், இளையவள் பிளஸ் டூ. வீடு குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர். "மாமா ஒருநாளும் ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டு வரமாட்டாரு, புத்தகம்தான்" என்று என்மேல் அவர்களுக்குப் பழைய குறை உண்டு.

அவனுக்கு வாங்கியது ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்', தமிழில். அவளுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. ஒன்று 2018-இல் அமெரிக்காவில் வந்தது. இன்னொன்று 1964-இல் வந்த, நம் பனைவிளைகளின் கதை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று கேட்கலாம். நான் வைக்கவில்லை, எல்லா மாமாக்களும் சித்தப்பாக்களும் வைக்கிறார்கள். பள்ளி முடிக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு புத்தகம் கொடுப்பது என்றால், எது? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஆனாலும் அந்த ஒரு புத்தகம் கிட்டத்தட்ட எப்போதும் முன்னேற்றப் புத்தகமாகத்தான் இருக்கிறது.

எங்கள் காலத்தில் ஆண்டுவிழாப் பரிசாக விவேகானந்தரின் சிறு நூல்கள் கிடைக்கும். என்னிடம் மூன்று சேர்ந்தன, ஒன்றைக்கூட முழுதாக வாசிக்கவில்லை. 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் போய் உட்கார்ந்தபோது அவருக்கு 29 வயது, சிகாகோ இன்னும் வந்திருக்கவில்லை. இதைச் சொல்லி அந்த நூலைக் கொடுத்திருந்தால் வாசித்திருப்பேனோ என்னவோ. 29 வயதிலும் அடுத்து என்ன என்று யோசிக்கலாம் என்பது பதினேழு வயதுக்குப் பெரிய ஆறுதல். அதை யாரும் சொல்லவில்லை.

சரி, கிளியருக்கு வருவோம். அவர் சொல்வது எளிது. பெரிய இலட்சியத்தை விடு, தினசரிச் செயலைச் சின்னதாக்கு. நல்ல பழக்கம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், ஈர்க்க வேண்டும், எளிதாக இருக்க வேண்டும், செய்து முடித்ததும் ஒரு திருப்தி கிடைக்க வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் போதும். மருமகன் இதை அப்படியே பிடித்துக்கொண்டான். போனை அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவான். காலையில் கட்டன் சாயா குடித்த கையோடு பழைய வினாத்தாளில் இரண்டே கேள்வி. இரண்டு மாதத்தில் அது இரண்டு மணி நேரமானது. அதற்கு முன் அவனை மேசையில் உட்காரவைக்க அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்த வேலையை எந்த நாவலும் செய்திருக்காது. இதில் கிளியருக்கு முழு மதிப்பெண்.

சிக்கல் அந்தக் கணக்கில் வந்தது. தினமும் ஒரு சதவீதம் கூடினால் வருடக் கடைசியில் ஏறக்குறைய 37 மடங்கு என்கிறார் கிளியர். கூட்டுவட்டிக் கணக்குதான், தவறில்லை. இதை மருமகன் உற்சாகமாக அப்பாவிடம் விளக்கினான். அத்தான் ரப்பர் வெட்டுக்காரர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்குகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பழக்கத்தைப் பற்றி அவருக்கு யாரும் புத்தகம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தினமும் வெட்டுனா மரத்துல பால் வத்திப்போகும்லே" என்றார்.

அவர் சொன்னது ரப்பரைப் பற்றித்தான், தத்துவம் பேசவில்லை. ஆனால் எனக்கு அது விட்டுப்போகவில்லை. ஒருநாள் வெட்டினால் ஒருநாளாவது மரத்துக்கு ஓய்வு வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை உதிர்ந்து தளிர்க்கிற சமயத்தில் கத்தியைக் கழுவி வைத்துவிட வேண்டும். நட்டதிலிருந்து முதல் வெட்டுக்கு ஏழு வருடம் போல ஆகும், அதுவரை வருமானம் பூஜ்யம். மரமாவது வளர்வதற்கு இத்தனை இடைவெளி கேட்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒருநாளும் இடைவெளி விடாத கணக்கைக் கொடுக்கிறோம்.

இந்த வகையில் ஸ்டீபன் கோவி கொஞ்சம் மேல். 1989-இல் வந்த அவருடைய ஏழு பழக்கங்கள் நூலில் வளர்வது பற்றியே ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதலில் பிறரைச் சார்ந்து இருக்கிறோம், அப்புறம் தனித்து நிற்கிறோம், கடைசியில் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழக் கற்றுக்கொள்கிறோம். தனித்து நிற்பது நடுப்படிதான், உச்சிப்படி இல்லை என்று சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். உன் இறுதிச் சடங்கில் நாலு பேர் உன்னைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று இப்போதே கற்பனை செய் என்றும் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார். அதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "காலங்காத்தால பேசுற பேச்சா இது" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆனால் கோவியும் கிளியரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். உன் நாள் உன் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஆரம்பப் புள்ளி. 'புத்தம் வீடு' அந்தப் புள்ளியையே கேள்வி கேட்கிறது. லிஸி என்ற பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிற்கிறது, வீட்டுக்குள் இருத்திவிடுகிறார்கள். குடும்பமோ பழைய பெருமை மட்டும் மிச்சமிருக்கிற குடும்பம். அவள் மனசு போவது பனையேறியின் மகன் தங்கராஜிடம். அக்கானி என்கிற பதநீரும் கருப்புக்கட்டியும் மணக்கும் விளையில், ஒரு ஜன்னல் அளவு உலகத்துக்குள் அவள் வளர்கிறாள். எப்படி வளர்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. காத்திருக்கிறாள், சின்னச் சின்னதாக எதிர்க்கிறாள், சில இடங்களில் பேசாமல் இருக்கிறாள். அந்தப் பேசாமையும் ஒரு முடிவுதான் என்பது எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் புரிந்தது. ஹெப்சிபா திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர். ஆனால் நாவலில் மேடைப்பேச்சு இல்லை, திண்ணைப் பேச்சுதான்.

மருமகள் நாலே நாளில் முடித்துவிட்டாள். முடித்த அன்று ராத்திரி கஞ்சி குடிக்கும்போது பாட்டியிடம், அதாவது அத்தானின் அம்மாவிடம், கேட்டாள்.

"பாட்டி, உங்கள எந்த கிளாஸ்ல நிறுத்துனாங்க?"

"ஏழுல."

"ஏன்?"

"அப்பம் அப்படித்தான் மக்களே. எனக்க வாத்திச்சி வீட்டுக்கு வந்து கேட்டாவ. அப்பச்சி விடல்ல."

பாட்டிக்கு ஒரு வாத்திச்சி, அதாவது டீச்சர், இருந்ததும், அவர் வீடு தேடி வந்ததும் அந்த மேசையில் இருந்த யாருக்கும் தெரியாது. அத்தானுக்கே தெரியாது. ஐம்பது வயது மகன், அம்மா ஏழாம் வகுப்பு வரை படித்தவள் என்பதை அன்றைக்குத்தான் கேட்கிறார். அதுவரை பாட்டி படிக்காதவர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இதற்காக நாவலுக்கு வெற்றி என்று அறிவித்துவிடலாமா? மருமகளே விடவில்லை. "கடைசில கல்யாணம்தானா மாமா? படிப்பு என்னாச்சு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தங்கராஜ் கிடைத்தான், பள்ளிக்கூடம் திரும்பி வரவில்லை. மருமகனுக்கு வேறு குறை. நம்ம ஊர்ப் பேச்சை அச்சில் வாசிக்கச் சிரமமாக இருக்கிறதாம். வாயில் வருவது கண்ணுக்கு வரவில்லை என்றான். பாடப்புத்தகத் தமிழ் செய்த வேலை அது, அவனைக் குறை சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், இரண்டு வகைக்கும் உண்மையான வித்தியாசம் நினைத்தது பலிக்காதபோதுதான் தெரியும். நான் பிளஸ் டூ முடித்தது 1990-களின் கடைசி, ரப்பர் விலை விழுந்துகிடந்த நேரம். அப்போது ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் கிடைத்தது, பேர் வேண்டாம். ஆழமாக நினைத்தால் நடக்கும் என்றது. என்ஜினீயரிங் சேர்வதாகத் தினமும் படுக்கும்போது கண்ணை மூடி நினைத்தேன். அப்பாவுக்கு வெட்டுக்கூலி பாதியானது, என்னைச் சேர்க்கப் பணம் இல்லை. நான் ரப்பர் விலையைக் குறை சொல்லவில்லை. என் நினைப்பில்தான் ஆழம் போதவில்லை என்று இரண்டு வருடம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தில் விலைவாசி என்ற ஒன்றே கிடையாது. அந்த வயதில் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' கையில் கிடைத்திருந்தால், ஊரும் முதலாளியும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தையே எப்படி மறிக்க முடியும் என்று பார்த்திருப்பேன். பணம் வந்திருக்காது, திட்டுவதற்கு வேறு ஆள் கிடைத்திருக்கும்.

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' பற்றியும் கேட்பீர்கள். நாகர்கோவில்காரர் எழுதியது, கதை கோட்டயத்தில் நடக்கிறது, பாலு என்ற பையன் வளர்வதை அவ்வளவு நுணுக்கமாகத் தமிழில் சிலரே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தடிமன். பதினேழு வயதுக்குக் கொடுத்தால் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். இருபத்தைந்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் கணக்கு இப்படி. கையில் ஒரு குறிப்பிட்ட வேலை, ஒரு தேதி, ஒரு தேர்வு இருக்கிறவருக்கு கிளியர். அதுவும் அந்த வகையில் ஒன்றே ஒன்று போதும், இரண்டாவது வாங்கினால் அதையே வேறு அட்டையில் வாசிக்கிறோம். இன்ன வேலை என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு நாவல். பதினேழில் பெரும்பாலும் தெரியாது, அதனால் நாவல் முதலில். பெண்பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், 'புத்தம் வீடு'. ஆண்பிள்ளைக்கும் அதுதான், அவனுக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

போன வாரம் அக்காவிடம் போனில் பேசினேன். மருமகன் இப்போது 'புத்தம் வீடு' வாசிக்கிறானாம், கிளியரின் இரண்டு நிமிட விதிப்படி ராத்திரிக்கு இரண்டு பக்கம். தங்கச்சி கதையின் முடிவைச் சொல்லிவிடுவாள் என்று பயந்து அவளோடு பேச்சைக் குறைத்திருக்கிறான். பாட்டி மட்டும் தினமும் விசாரிக்கிறாராம், "அந்தப் பிள்ளைய வெளிய விட்டாவளா?" என்று.