ஏற்காட்டு காபிப் பழத்துக்கு ஓபன்சிவி எக்ஸ்ட்ரா மாட்யூல்: எனக்குத் தேறியது

ஆண்ட்ராய்டு ஆப்பில் ஓபன்சிவியை, அதாவது படங்களை ஆராயும் இலவச லைப்ரரியை, சேர்ப்பது இப்போது ரொம்ப சுலபம். 4.9.0 பதிப்பிலிருந்து மேவன் சென்ட்ரல் என்ற பொது லைப்ரரிக் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது, ஆப்பின் பில்டு அமைப்பான கிரேடில் ஃபைலில் ஒரு வரி போதும். சிக்கல் எல்லாம் கான்ட்ரிப் என்று தனியாக வைத்திருக்கும் எக்ஸ்ட்ரா மாட்யூல்களில்தான்.

சேலத்தில் நாங்கள் செய்வது ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கான ஆப். பறித்து வந்த காபிப் பழக் கூடையைப் போட்டோ எடுத்தால் பழம் எவ்வளவு, காய் எவ்வளவு என்று சொல்ல வேண்டும், அதுவும் மலையில் சிக்னல் இல்லாத இடத்தில், போனுக்குள்ளேயே. நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம். ஆனால் சில்வர் ஓக் நிழலிலும் மூடுபனியிலும் எடுத்த படத்தில் நீலம் ஏறிவிடுகிறது. நிறத்தைத் தனி எண்ணாகப் பிரித்துக் காட்டும் ஹெச்எஸ்வி முறையில், ஓபன்சிவியில் ஹியூ என்ற நிற எண் 0 முதல் 179 வரை, சிவப்பு அந்த இரண்டு முனையிலும் கிடக்கிறது, கொஞ்சம் சாயம் மாறினாலும் கணக்கு தப்பிவிடும். ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தால் ஏறிய சாயத்தை நீக்குவது, இல்லாமல் முடியாது. அது இருப்பது எக்ஸ்போட்டோ மாட்யூலில், அந்த மாட்யூல் இருப்பது கான்ட்ரிப்பில், ரெடிமேடாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு பேக்கேஜில் கான்ட்ரிப் கிடையாது.

சரி, நாமே பில்டு செய்ய வேண்டியதுதான். என்டிகே, சிமேக் என்ற பில்டு கருவிகளை எல்லாம் போட்டு, ஓபன்சிவி சோர்ஸோடு வரும் பைத்தான் ஸ்கிரிப்டுக்கு கான்ட்ரிப் ஃபோல்டரின் பாதையைக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் பதிப்பு எண் ஒன்றாகவே இருக்கட்டும், மாறினால் பாதி வழியில் நின்றுவிடும். தேவையான மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எமுலேட்டர் வேண்டாம் என்றால் எக்ஸ்86 (கம்ப்யூட்டர் வகை சிப்) பில்டையும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆப் அநியாயத்துக்குப் பெருக்கும்.

பலன் உண்டா என்றால், நிச்சயமாக உண்டு, ஆனால் அப்படியே போட்டால் இல்லை. எக்ஸ்போட்டோவில் உள்ள கிரேவேர்ல்டு என்ற ஒயிட் பேலன்ஸ் முறை படம் முழுவதின் சராசரி சாம்பல் நிறம் என்று நம்புகிறது. கூடை நிறையச் சிவப்புப் பழம் இருந்தால் அந்தச் சிவப்பையே குறை என்று நினைத்து மங்கவைத்துவிடும்! இதற்காகவே சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) வரம்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைக் குறைத்தால் அடர்ந்த நிறப் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காது. கூடைக்கடியில் வெள்ளைச் சாக்கு விரித்து எடுக்கச் சொன்னோம், இன்னும் நன்றாக வந்தது. இன்னொன்று, கேமரா தரும் ஃப்ரேம் நான்கு சானல் (மூன்று நிறமும் ஆல்ஃபாவும்), கிரேவேர்ல்டு மூன்று சானல்தான் வாங்கும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கான்ட்ரிப் பக்கம் போகும் முன் உங்களுக்கு வேண்டியது மெயினுக்கு, அதாவது ஓபன்சிவியின் முதன்மைத் தொகுப்புக்கு, வந்துவிட்டதா என்று பாருங்கள். படத்தில் அடையாளப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் சிஃப்ட்டின் காப்புரிமை 2020-இல் முடிந்ததும் 4.4.0-இல் அது மெயினுக்கு வந்தது, கறுப்பு வெள்ளைக் குறியீடுகளைக் கண்டறியும் அருகோ 4.7.0-இல் வந்தது. இவற்றுக்கும் கான்ட்ரிப் பில்டு செய்யச் சொல்லும் பழைய டுடோரியல்களை நம்பி நேரத்தை விடாதீர்கள்.

பில்டு முடிந்ததும் கிடைத்த லைப்ரரியை டீமுக்குப் பொதுவான இடத்தில் பதிப்பு எண்ணோடு போட்டுவையுங்கள், புதிதாகச் சேரும் பிள்ளைகள் இத்தனையையும் மறுபடி செய்ய வேண்டாம்.