ஒளிமாசு ஃபில்டர்: நெபுலாவுக்குச் சரி, ஏர்குளோவுக்கு ஆகாது

மூன்று நட்சத்திரம். பாதித் தப்பு என்னுடையது. மீதி, "இரவு வானம் எதற்கும் ஏற்றது" என்று போட்டு விற்ற கடையுடையது.

லென்ஸில் திருகி மாட்டும் 77 மி.மீ. ஃபில்டர், 5,200 ரூபாய். தை அமாவாசை இரவு விளாத்திகுளம் பக்கம் மாமா தோட்டத்து மொட்டை மாடியில் சோதித்தேன். (அமாவாசையும் அதுவுமா ராத்திரி எங்கடா கிளம்புற என்று அம்மாவிடம் வாங்கியது தனி.) எனக்கு வேண்டியது ஏர்குளோ, அதாவது இரவில் மேல் காற்று தானே விடும் மெல்லிய ஒளி; குறிப்பாக சுமார் 97 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடும் பச்சை. 24 மி.மீ. லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200, 20 விநாடி. அடிவானத்து மஞ்சள் வெளிச்சம் அடங்கியது உண்மை. ஓரையன் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) பளிச்சென்று வந்தது. பச்சை மட்டும் துளியும் இல்லை.

அப்புறம்தான் ஃபில்டர் எந்த அலைநீள ஒளியை விடும் என்று காட்டும், பெட்டிக்குள் மடித்திருந்த வரைபடத்தைப் பிரித்தேன். 540 முதல் 640 நானோமீட்டர் வரை வெட்டுகிறது. சோடியம் தெருவிளக்கு 589. ஏர்குளோவின் பச்சை 557.7, 250 கி.மீ. உயரத்துச் சிவப்பு 630. களையோடு பயிரையும் பிடுங்கிய கதை! திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்துப் புவிகாந்த ஆய்வகம் போன்ற இடங்களில் ஏர்குளோ பார்க்கும் கருவிகளில் நேர்மாறு: அந்தந்த அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர்.

கழற்றிவிட்டு விடிய விடிய எடுத்தேன். பத்து மணிக்கு மங்கல். இரண்டு மணி வாக்கில் பச்சை நன்றாக ஏறி, நாலு மணிக்குள் வடிந்துவிட்டது. இப்படி ஏறி வடிய ஒரு காரணம் ஓதமாக இருக்கலாம். கடல் போலக் காற்றுக்கும் ஓதம் (ஏற்ற இறக்கம்) உண்டு, ஆனால் இதைக் கிளப்புவது பெரும்பாலும் வெயில். நீராவியும் ஓசோனும் சூடாகி 24 மணி, 12 மணி ஓதங்கள் எழும்பும். மேலே காற்று மெலிய மெலிய வீச்சு பெருகும். காற்று இறங்கும் நேரத்தில் மேலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் கூடவே வரும். இரண்டு அணு இணைந்து, அந்த ஆற்றல் மூன்றாவதைத் தூண்டினால்தான் பச்சை. அதனால் அணு கொஞ்சம் கூடினாலே வெளிச்சம் எக்கச்சக்கமாக ஏறும். ஒரே இரவை வைத்து நான் பார்த்தது ஓதமேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். காற்றில் எழும் சிற்றலைகளும் அங்கே விளையாடும்.

இன்னொரு குறை: அகல லென்ஸில் ஓரங்களில் நிறம் மாறுகிறது. 50 மி.மீ.யில் தொந்தரவில்லை. கண்ணாடி, திருகு இரண்டும் தரம்.

திருப்பிக் கொடுக்கப் பத்து நாள் கெடு. அமாவாசைக்குக் காத்திருந்ததில் அது தாண்டிவிட்டது.