மின்னூலா, அச்சு நூலா?

மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கலாமா, அந்தப் பணத்துக்குப் புத்தகங்களையே வாங்கிவிடலாமா என்று தயங்குவோருக்காக இவ்வொப்பீடு.

செலவு: மின்னூலுக்குக் கருவியே முதற்செலவு, ஆயினும் தமிழ் நூல்களை இணையத்தில் வெளியிட 1998-இல் தொடங்கிய தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதலானவற்றை இலவசமாகவே தருகிறது. அச்சு நூலுக்குக் கருவி வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு.

உரிமை: வேறுபாடு பெரிதாக இருப்பது இங்குதான். மின்னூல் வாங்குவோர் பெறுவது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே என்பதை, 2009-இல் கிண்டில் நிறுவனமான அமேசான் தான் விற்ற, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் மின்னூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியபோது (பணத்தைத் திருப்பித் தந்தது என்பது வேறு) பலர் உணர்ந்தனர். அச்சு நூலை விற்கலாம், இரவல் கொடுக்கலாம். இரவல் போனது திரும்புமா என்பது தனிக் கேள்வி.

நீடிப்பு: கருவியின் மின்கலம் சில ஆண்டுகளில் தளரும்; காகிதத்துக்குக் கரையானும் ஈரமும் பகை.

வசதி: மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம், படங்களும் அட்டவணைகளும் மட்டும் சிறு திரையில் சிதைகின்றன.

ஆகவே, பயணத்தில் படிப்போருக்கும் பார்வை மங்கிய முதியோருக்கும் மின்னூலே ஏற்றது; குழந்தைகளுக்கான படநூல்களையும், பக்க ஓரத்தில் குறிப்பெழுதிப் பயில வேண்டிய நூல்களையும் அச்சிலேயே வாங்குமாறு பரிந்துரைப்பேன்.